வீட்டு ட்யூப்லைட்டில் ஓடும் பிள்ளைக்கு எந்த லென்ஸ்?

மழைக்காகிதம்:
என்னிடம் நிக்கான் டி5600 கேமரா, கூடவே வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ். பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்த பிறகு ஹாலில் ஒற்றை ட்யூப்லைட்டில் என் இரண்டு வயது மகளை எடுத்தால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ரப்பர் போட்டுத் தேய்த்த மாதிரி இருக்கிறது. பழைய 50 எம்எம் 1.8டி ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கலாமா, இல்லை 2.8 ஜூமுக்குக் காசு சேர்க்கட்டுமா?

ஒத்தைக்கண்ணன்:
பிரைம்தான், அதாவது ஜூம் ஆகாத லென்ஸ். உங்கள் லென்ஸின் துவாரம் 55-இல் 5.6-க்கு மேல் திறக்காது; இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. 1.8 என்றால் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். இப்போது 1/15 நொடியில் எடுப்பதை, ஐஎஸ்ஓவை (சென்சாரின் உணர்திறனை) தொடாமலே 1/150 பக்கம் எடுக்கலாம். கிட் லென்ஸில் இருக்கும் விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். மகள் ஓடுவதற்கு அது என்ன செய்யும்?

மாடவீதி:
சார் பாதிக் கதைதான் சொல்கிறார். இந்த கேமரா பாடியில் 50-ஐ 1.8-இல் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் பிள்ளையை எடுத்தால் முன்னும் பின்னும் சேர்த்து 3 செ.மீ. அளவுக்குத்தான் ஃபோகஸில் இருக்கும். கண் பளிச்சென்று வரும், காது மங்கிவிடும். சென்சாரும் சின்னது என்பதால் 50 எம்எம் இதில் 75 மாதிரி நடந்துகொள்ளும்; எம்எம் கூடக் கூட படத்தில் அடங்கும் இடம் குறையும். பத்துக்குப் பத்து அறையில் முதுகு பீரோவில் இடிக்க நின்றாலும், மகள் வருவாள், சோற்றுக் கிண்ணத்தோடு துரத்தும் பாட்டி வரமாட்டார்.

நான் ஒரு பங்குனியில், அறுபத்துமூவர் அன்று, வெறும் 50-ஐ மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் போனேன். நாயன்மார் பல்லக்கு பத்தடியில் வருகிறது, பின்னால் நகர ஓர் அங்குலம் இல்லை. ‘காலால் ஜூம் செய்’ என்பார்களே, அந்தக் கூட்டத்தில் எது என் கால் என்றே தெரியவில்லை. கிடைத்தது பாதிப் பல்லக்கும் ஒருவரின் மொட்டைத் தலையும்.

ஒத்தைக்கண்ணன்:
திருவிழாவுக்கு ஜூம் கொண்டுபோங்கள், யார் வேண்டாம் என்றது? அவர் கேட்டது வீட்டுக்கு. 50 நீளம் என்றால் இந்தச் சின்ன சென்சாருக்கான டிஎக்ஸ் 35 எம்எம் 1.8 இருக்கிறதே. எடை 200 கிராம்தான். என் 2.8 ஜூம் அரைக் கிலோவுக்கு மேல். போன தீபாவளிக்குப் பிறகு அது அலமாரியை விட்டு இறங்கவில்லை. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெசான் பெரும்பாலும் ஒரே ஒரு 50-ஐ வைத்துத்தான் ஊரெல்லாம் சுற்றினார்.

மாடவீதி:
அவர் லைக்கா கேமராவில் 35 எம்எம் ஃபிலிம் போட்டு எடுத்தார். அதில் 50 என்றால் 50தான். அப்புறம், அவர் யாருக்கும் சோறு ஊட்டிக்கொண்டே படம் எடுக்கவில்லை.

பழையசட்டி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். டி5600 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அந்த 1.8டி லென்ஸுக்குள்ளும் கிடையாது. வளையத்தைக் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், அதுவும் ஓடுகிற பிள்ளையை! நான் டி3400-க்கு இதையே வாங்கி, லென்ஸ் கெட்டுப்போனது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போய் அசடு வழிந்தேன். எந்த எம்எம் ஆனாலும் மேலே ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது என்று அர்த்தம்.

மாடவீதி:
அட, அந்த ‘டி’யை நான் கவனிக்கவே இல்லை. சரி, வாங்கும் முன் கிட் லென்ஸை 35-இல் வைத்து, ஜூம் வளையத்தில் செல்லோடேப் ஒட்டி ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். மூச்சு முட்டுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பழைய படங்கள் எத்தனை எம்எம்மில் எடுத்தவை என்றும் பாருங்கள், ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் இருக்கும்.

மழைக்காகிதம்:
பத்து நாள் கழித்து வருகிறேன். டேப்பை மூன்றாம் நாளே மகள் பிய்த்துவிட்டாள். பழைய படங்களைப் பார்த்தேன். வெளியே எடுத்தவை 18, இல்லாவிட்டால் 55. வீட்டுக்குள் எடுத்தவை பெரும்பாலும் 30-க்கும் 40-க்கும் நடுவில். அதனால் பழைய 35 ஏஎஃப்-எஸ் வாங்கிவிட்டேன். 1.8-இல் ஃபோகஸ் அடிக்கடி தவறுகிறது, 2.2-இல் வைத்தால் பரவாயில்லை. வெளியே போகும்போது 18-55 தான். நேற்று ராத்திரி முதல்முறையாக முகம் முகமாக வந்தது, கன்னத்தில் ஒட்டிய பருப்புச் சோறு உட்பட.

மாடவீதி:
பாட்டி வந்தாரா?

மழைக்காகிதம்:
முழங்கை வரை.