கம்பளி விரிப்பைச் சுத்தம் செய்ய எந்த இயந்திரம், எப்படிப்பட்ட ஆள்?

ராயபுரம்வாசி:
எங்கள் கூடத்தில் பத்தடிக்கு எட்டடியில், கம்பள நெசவுக்குப் பெயர்போன உத்தரப் பிரதேசத்து பதோஹியிலிருந்து அப்பா வாங்கி வந்த கம்பளி விரிப்பு ஒன்று உள்ளது. சென்ற ஐப்பசியில் சுத்தம் செய்ய வந்தவர், ஷாம்பூவைக் கரைத்து ஊற்றிச் சுழல் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மின்விசிறியைப் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும் என்று சொல்லிப் போனார். நான்கு நாளாகியும் காயவில்லை. இன்றும் மழை பெய்தால் வீச்சம் அடிக்கிறது. வெள்ளைக் கரையில் சிவப்புச் சாயமும் இறங்கியிருக்கிறது. இயந்திரத்தை நாமே வாங்கிவிடலாமா? ஆளைத்தான் அழைக்க வேண்டுமென்றால், தொழில் தெரிந்தவர் என்று எப்படி அறிவது?

தண்டையார்பேட்டை தொழிலாளி:
நான் இந்த வேலைதான் செய்கிறேன். ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்காததுதான் அவர் செய்த பிழை. எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷினில் வெந்நீரைப் பீய்ச்ச ஒரு பம்ப்பும், அதை அழுக்கோடு உடனே உறிஞ்ச ஒரு மோட்டாரும் இருக்கும். கடைசியில் பீய்ச்சுவதை நிறுத்தி, கைப்பிடிக் குழாயில் தண்ணீர் ஓடுவது நிற்கும்வரை உறிஞ்ச மட்டும் வேண்டும். அதற்கும் முன்னால் உலர்ந்த நிலையில் வேக்குவம் போடாமல் நனைத்தால், உள்ளே கிடக்கும் மணல் சேறாகிவிடும். வீட்டுக்கென விற்கும் சிறிய மெஷின் சோபாவுக்குச் சரி, தடித்த கம்பளிக்கு அதன் இழுவை போதாது. ஒரே ஒரு விரிப்புக்காக வாங்காதீர்கள்.

பெரம்பூர் பெரியவர்:
மெஷினைப் பற்றி விசாரிப்பதைவிட, வருகிறவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். விரிப்பைப் புரட்டிப் பார்க்காமல், ஈர வெள்ளைத் துணியை ஓரத்தில் அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று சோதிக்காமல், சதுர அடிக் கணக்கில் தொலைபேசியிலேயே விலை சொல்பவரை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. காரம் மிகுந்த சோப்பு கம்பளி இழையைக் கெடுக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்குச் சான்று வழங்கும், 1972இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐஐசிஆர்சி அமைப்பின் சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் சான்றிதழா தண்ணீரை உறிஞ்சப் போகிறது? இன்னொன்று, நம் பக்கத்து உப்பு போர் தண்ணீரை விட்டு மெட்ரோ தண்ணீரைக் கொடுங்கள். தங்கிவிட்ட உப்பும் ஷாம்பூவும் காற்றின் ஈரத்தை இழுக்கும்; மழை நாளில் மட்டும் வீச்சம் வருவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

ராயபுரம்வாசி:
இப்போதுதான் புரட்டிப் பார்த்தேன். மேலே உள்ள பூ வேலை அடியில் தெரியவில்லை; முழுவதும் வெள்ளைத் துணி ஒட்டியிருக்கிறது, ஒரு மூலையில் அது பிரிந்து மஞ்சள் தூளாகக் கொட்டுகிறது. ஒவ்வொரு முடிச்சும் கையால் போட்ட கைமுடிச்சு விரிப்பு என்று சொல்லித்தான் அப்பாவுக்கு விற்றார்களாம்.

தண்டையார்பேட்டை தொழிலாளி:
கைமுடிச்சு என்றால் பூ வேலை அடியிலும் அப்படியே தெரியும். உங்களுடையது துளையிட்டு நூல் செருகி, லேட்டக்ஸ் பசையால் துணி ஒட்டிய டஃப்டட் வகை. ஊற்றிய தண்ணீர் அந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால்தான் நான்கு நாள் ஆகியிருக்கிறது. அந்த மஞ்சள் தூள் உதிரும் பசை, வீச்சத்தில் அதற்கும் பங்குண்டு. இனி இதை ஊற வைக்கவே கூடாது. குறைந்த ஈரத்தில் மேல்பரப்பு அழுக்கை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், மழைக்காலம் கழித்துத் தை மாதத்தில் செய்யுங்கள். இறங்கிய சிவப்பு முழுதாகப் போகும் என்று யாராவது உறுதி சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்.