சுட்ட குடைமிளகாய் விழுது நீர்த்துப்போகிறது, வழி சொல்லுங்கள்

குழுவினருக்கு வணக்கம். சிவப்புக் குடைமிளகாயையும் கத்தரிக்காயையும் சுட்டு, ரொட்டியில் தடவிச் சாப்பிடும் விழுதை வீட்டில் மூன்று முறை செய்தும் பதம் கைகூடவில்லை.

குடைமிளகாயை முழுதாக 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைத்து, தோல் கருகிக் கொப்புளமாக எழும்பும் வரை திருப்பித் திருப்பிச் சுடுகிறேன். பிறகு பாத்திரத்திலிட்டுக் கால் மணி நேரம் மூடி வைத்தால், உள்ளே தங்கும் ஆவியில் தோல் தளர்ந்து, விரல் பட்டதுமே பட்டையாகக் கழன்றுவிடுகிறது. (சுட்ட மணம் போய்விடும் என்பதால் தண்ணீரில் கழுவுவதில்லை.) ஆனால், அரைத்த சிறிது நேரத்திலேயே விழுதைச் சுற்றிச் செந்நிற நீர் தேங்கிவிடுகிறது. அரைக்கும் முன்பே வடிதட்டில் வைத்து நீரை வடித்துவிடுவது நல்லதா, அரைத்த பின் அடிகனமான வாணலியில் எண்ணெய் விட்டுச் சுண்டக் கிளறுவது நல்லதா?

இதைவிடப் பெரிய கவலை, சேமிப்பு. புளிப்புக் குறைந்த காய்களையும் பூண்டையும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியில் வைத்தால், காற்றுப் புகாத அந்நிலையில் பொட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சேற்றத்துக்குக் காரணமான நச்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும் என்பதால், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாள்களுக்குள் தீர்த்துவிடுகிறோம். இவ்விழுதை உறையவைத்துப் பயன்படுத்தியவர்கள் இருந்தால், உருகிய பின் பதமும் சுவையும் எப்படி இருந்தன என்று தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.