அப்பாவின் 1986 புல்லட்டை நானே ஓட வைக்க வேண்டும், எங்கே தொடங்குவது?

தென்வெள்ளாறு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1986ஆம் வருட புல்லட் 350 ஒன்று நிற்கிறது. அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தவர். அறந்தாங்கியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் கோமாரித் தடுப்பூசி போட இந்த வண்டியில்தான் போவார். ஊசி மருந்து கெடாமல் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போக, பின்சக்கரத்துக்கு இடதுபுறம் ஓர் இரும்புத் தாங்கியைப் பட்டறையில் சொல்லி வெல்டு வைத்திருந்தார். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

முழங்கால் வலியால் கிக்கர் மிதிக்க முடியாமல் போனதும் 2016இல் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொட்டகைத் தகரம் வண்டிமேல் சரிந்தது. ஹெட்லைட் உடைந்தது, டாங்கில் பள்ளம் விழுந்தது. ஊரே மரம் வெட்டி வழி எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது, வண்டியை யார் பார்ப்பார்கள்? நன்றாக மழையில் நனைந்தது. 2021இல் அப்பா போய்விட்டார். பழைய இரும்புக்கு எடுப்பவர்கள் வந்து கேட்டும் அம்மா கொடுக்கவில்லை.

நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன், வார இறுதியில் ஊருக்கு வருவேன். ஸ்கூட்டர் பிளக்கைக் கழற்றித் துடைத்ததைத் தவிர மெக்கானிக் வேலை எதுவும் தெரியாது. இப்போதைய நிலவரம்: கிக்கர் அசையவில்லை. டாங்குக்குள் சிவப்பாகத் துரு. ஒயரை எலி கடித்திருக்கிறது. ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில் இருக்கிறது, கடைசியாகப் புதுப்பித்தது 2016இல் முடிந்துவிட்டது.

ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். முழுதாகப் பிரித்து, குரோம், பெயிண்ட் எல்லாம் புதிதாகச் செய்ய எண்பதாயிரம் ஆகும் என்றார். அந்தத் தாங்கியை அறுத்துவிட்டால் ஒரிஜினல் தோற்றம் வரும் என்றும் சொன்னார். எனக்கு ஷோரூம் வண்டி வேண்டாம். நானே கை வைத்துச் செய்ய வேண்டும், அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஆவுடையார்கோவில் வரை போய் வர வேண்டும். முதலில் எதைத் தொடுவது? என்ஜினைத் திறந்தே ஆக வேண்டுமா?

சேலத்து_எஸ்டி:

அருமையான முயற்சி சகோதரி. என் யோசனை, அரைகுறையாகச் செய்யாதீர்கள். கடைசி நட்டு வரை பிரித்து, சட்டத்தில் மணலைப் பீய்ச்சியடித்துப் பழைய பெயிண்டை உரித்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, புது பேரிங், புது சீல் போட்டு மாட்டினால் இருபது வருடத்துக்குக் கவலை இல்லை. என் எஸ்டி (Yezdi) பைக்கை அப்படித்தான் செய்தேன். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் மொபைலில் படம் எடுங்கள். நட்டு போல்ட்டைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

நாலுகியர்_கும்பகோணம்:

வணக்கம்மா. ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் வலது கால் கியர் புல்லட்தான் ஓட்டுகிறேன்.

சேலத்துத் தம்பி சொன்ன படமும் கவரும் சரி. ஆனால் முதல் வண்டியை முழுதாகப் பிரிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆர்வமாகப் பிரித்து, காசோ நேரமோ முடிந்துபோய், சாக்கு மூட்டையாகவே விலைக்கு வரும் வண்டிகளை நிறைய பார்த்திருக்கிறேன். பிரித்துப் போட்ட வண்டியில் எது நல்லது எது கெட்டது என்று புதிதாகச் செய்கிறவருக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள். திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையிலிருந்து வந்த பழைய பாகம் நன்றாக இருக்கும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் மட்டமான புதுப் பாகத்தை மாட்டுவது நஷ்டம். வண்டி இருக்கிறபடியே முதலில் ஓடட்டும். ஓடுகிற வண்டி தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும்.

கிக்கரைப் பலம் கொண்டு மிதிக்காதீர்கள், யாரையும் மிதிக்க விடாதீர்கள். இறுகியிருப்பது பிஸ்டனாக இருக்கும், உடைவது கியர்பாக்ஸில் உள்ள கிக்கர் பல்லாக இருக்கும். பிளக்கைக் கழற்றி, டீசலும் என்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஊற்றி, துணியால் அடைத்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். வந்ததும் சிலிண்டர் ஹெட்டின் மேலே இருக்கும் இரண்டு ராக்கர் மூடிகளையும் திறந்து பாருங்கள். ராக்கர் என்பது வால்வை அழுத்தித் திறக்கும் கை. வால்வு ஏதாவது திறந்தபடியே இறுகியிருந்தால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாகத் தெரியும். அதைச் சரி செய்யாமல் என்ஜினைச் சுற்றினால் ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளைந்துவிடும்.

வால்வு சரியாக இருந்தால் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். இழுத்துத் திருப்பாதீர்கள், ஆட்டினால் போதும். விடவில்லையா, மறுபடி ஊற்றிவிட்டு இன்னொரு வாரம் பொறுங்கள். ஒரு நூல் அளவு அசைந்தாலே மீதி வந்துவிடும். பிளக் ஓட்டை வழியாகக் கம்பி விட்டுத் தட்டுகிறேன் என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது எண்ணெய், இதில் அவசரம் வேண்டாம். இந்த என்ஜினில் எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லை, என்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸிலேயே ஓர் அறையாக இருக்கிறது. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் எண்ணெய் பம்பு வழியாகக் கசிந்து, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் இருக்கும் பக்கம் சேர்ந்துவிடும். ஆகவே இரண்டு பக்க வடிகால் போல்ட்டையும் கழற்றி, வெள்ளைத் தட்டில் வடியுங்கள். கறுப்பு பரவாயில்லை. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. உலோகச் செதில் இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். எண்ணெய் ஃபில்டரை மாற்றி 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர் பிடிக்கும். பிளக் இல்லாமலே கிக்கரை நிதானமாக மிதித்துக்கொண்டிருங்கள். ராக்கருக்குப் போகும் சின்னக் குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால் அங்கே எண்ணெய் கசிய வேண்டும். அந்தக் கசிவைக் கண்ணால் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. இதன் பிக் எண்டில், அதாவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்தில், ரோலர் பேரிங் கிடையாது, தளர்வாகச் சுழலும் உலோக வளையமான மிதக்கும் புஷ்தான். எண்ணெய் வராமல் கொஞ்ச நேரம் ஓடினாலும் போய்விடும், அப்புறம் உங்கள் மெக்கானிக் சொன்ன தொகை உண்மையாகிவிடும்.

டாங்கைக் கழற்றி வினிகர் நிரப்பி ஓரிரு நாள் வையுங்கள். பிறகு தண்ணீரில் சமையல் சோடா கரைத்து அலசி, வெயிலில் காயவைத்து, உடனே உள்ளே எண்ணெய் தடவுங்கள். இல்லையென்றால் மறுநாளே துரு திரும்பும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குப் பழைய ரப்பர் குழாய் தாங்காது, புதிது போடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை இரும்பு ஊசியால் குத்தாதீர்கள், காற்று அடித்தால் போதும்.

எலி கடித்த ஒயரிங்கை ஒட்டுப் போட வேண்டாம், முழு செட்டாக வாங்குங்கள். வாங்கும் முன் பேட்டரியும் பல்பும் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்கில் பொறி வரவைக்கும் கான்டாக்ட் பாயின்ட்டை மெல்லிய எமரித் தாளால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை 0.35இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்து அமைக்கலாம். டயர் 3.25-19. பக்கவாட்டில் தேதிக் குறி மூன்று இலக்கமாக இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். நாலு இலக்கமாக இருந்தாலும் உங்கள் கதைப்படி இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இந்த வண்டியில் பல நட்டுகள் பழைய பிரிட்டிஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் மாட்டியதுபோல் தெரியும், அழுத்தினால் முனை மழுங்கும். அங்குல அளவு ஸ்பேனர் செட் ஒன்று முதல் செலவாக இருக்கட்டும்.

பெயிண்டுக்கு வருகிறேன். டாங்கில் தங்க நிறக் கோடு இன்னும் இருக்கிறதா? திருவொற்றியூர் ஆலையில் அந்தக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள், தூரிகை எடுத்த இடத்தில் கோடு லேசாக மெலிந்திருக்கும். மணல் அடித்தால் போனது போனதுதான், ஸ்டிக்கர் அதற்கு ஈடாகாது. ஷாம்பு தண்ணீரில் கழுவுங்கள், பாலிஷ் போட்டால் கோட்டை விட்டு ஒதுங்கிப் போடுங்கள். பள்ளம் இருக்கட்டும், கசிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்த ஐஸ் பெட்டித் தாங்கியை அறுக்காதீர்கள். ஆலையிலிருந்து வந்தபோது அது இல்லைதான். ஆனால் இந்த வண்டி என்ன வேலைக்கு இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வெல்டில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் தேய்த்துப் பாருங்கள்.

படிவம்_31:

மேலே எல்லோரும் என்ஜினைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். உதிரிபாகத்துக்குப் பெரிய தொகை போடும் முன் வண்டி எண் அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகன் (Vahan) இணையதளத்தில் வருகிறதா என்று பாருங்கள். புத்தக ஆர்.சி. காலத்து வண்டிகள் சில அதில் ஏறியிருக்காது. அப்படியானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் அதை ஏற்றச் சொல்ல வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கூடவே வரும். புதுப்பிக்க வண்டியை நேரில் காட்ட வேண்டும். பிரேக், ஹார்ன், விளக்கு எல்லாம் வேலை செய்ய வேண்டும். அதனால் பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்க முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள், புதுப்பித்தலை வண்டி ஓடியதும் வைத்துக்கொள்ளுங்கள். 15 வருடம் தாண்டினால் ஓட்டவே முடியாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அந்தத் தடை டெல்லி வட்டாரத்துப் பேச்சு. இங்கே சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருடமாக நீட்டித் தருவார்கள். விண்டேஜ் பதிவு 50 வருடம் ஆன வண்டிக்குத்தான், உங்களுடையது 2036இல்தான் அதற்குத் தகுதி பெறும்.

சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கேட்பார்கள். யாராவது சட்டத்தில் மணல் அடித்துக் கெட்டியாக பவுடர் பூசினால் அந்த எண் மங்கிவிடும். சேலத்து நண்பரின் வழியில் போகிறவர்கள் எண் இருக்கும் இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்ல வேண்டும்.

தென்வெள்ளாறு:

எல்லோருக்கும் நன்றி. கும்பகோணம் அய்யா சொன்னபடியே போனேன். ராக்கர் மூடியைத் திறந்ததும் வெளியேற்று வால்வு பாதி திறந்து நின்றது தெரிந்தது. டீசல் ஊற்றி ஊற்றி, ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி, அது விடுபட்டு மூடிக்கொண்டது. பின்சக்கரத்தை ஆட்டியதில் பிஸ்டனும் அசைந்தது. அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சக்கரம் முழுச் சுற்று வந்ததும் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்.

வடித்த எண்ணெய் வெளுத்துத்தான் இருந்தது, செதில் இல்லை. பிளக் ஓட்டையில் டார்ச் அடித்தால் சிலிண்டர் சுவரில் வளையமாகத் துரு தெரிகிறது. இப்படியே ஸ்டார்ட் செய்யலாமா? படிவம் 31 கொடுத்தாயிற்று. தங்கக் கோடு இருக்கிறது, வலப்பக்க முழங்கால் படும் இடத்தில் மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது.

நாலுகியர்_கும்பகோணம்:

வால்வு திறந்து நின்றதால் சைலன்சர் வழியாக ஈரம் ஏறியிருக்கிறது. துரு வளையத்தோடு ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் ரிங் அரைபட்டுவிடும். ஹெட்டையும் பேரலையும் (சிலிண்டரை) மட்டும் கழற்றுங்கள், கிராங்க்கேஸைப் பிரிக்க வேண்டியதில்லை. பேரல் வெளியே வந்ததும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், அது இருக்க வேண்டியதுதான். மேலும் கீழும் டக் டக் என்று ஆடினால் இங்கே வந்து சொல்லுங்கள். கழற்றிய வாயைச் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள், ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலும் பாடு.

பேரலைத் திருச்சியில் நல்ல லேத்தில் காட்டுங்கள். புதிதில் இதன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர். அப்பா ஏற்கெனவே ஒருமுறை போர் போட்டு, அதாவது உள்ளே கடைந்து பெரிதாக்கி, இருக்கவும் கூடும், பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் எண் பொறித்திருந்தால் அதிலேயே தெரியும். துரு மேலாக இருந்தால் ஹோன் செய்து (உள்சுவரை லேசாகத் தேய்த்து) புது ரிங் போட்டாலே போதும். குழி விழுந்திருந்தால் அடுத்த சைஸ் போர். அப்போது பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுங்கள். அதை அளந்து பார்த்துத்தான் அவர் பேரலை அறுக்க வேண்டும். பிஸ்டன் இல்லாமலே போர் போட்டுத் தருகிறேன் என்றால் வேறு லேத் பாருங்கள்.