என்டரோஸ்கோப்பி: ‘குடல்நோக்கு’ போதுமா?

> ‘குடல்நோக்கு’ என்றே வைத்துவிடலாம், சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம் ஐயா,

என்டரோஸ்கோப்பிக்கு, அதாவது சிறுகுடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் முறைக்கு, நீங்கள் சொன்ன தமிழ்ச்சொல் சுருக்கம்தான். ஆனால் கொழும்பில் நோயாளர் படிவங்களைத் தமிழாக்கும் எனக்கு அந்தச் சொல் இரண்டு இடத்தில் உதைக்கிறது.

முதலில், எந்தக் குடல்? பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியையும் இங்கே பலர் ‘குடல் கமரா’ என்றுதான் சொல்கிறார்கள். சிறுகுடல் ஏறக்குறைய 6 மீற்றர். வாய்வழி விடும் வழமையான குழாய் அதன் தொடக்கத்தோடு நின்றுவிடும். மலவாசல்வழி விடுவது கடைசி முனையை எட்டிப் பார்ப்பதோடு சரி. நடுவில் கசியும் இரத்தம் இரண்டிலும் அகப்படாமல் ஆளை வெளிறவைக்கும். மலம் தார்போலக் கறுத்துப் போகும். ஆகவே ‘சிறுகுடல்’ கட்டாயம் வேண்டும்.

அடுத்ததுதான் எனக்குப் பெரிது. ‘நோக்கு’ என்றால் பார்ப்பது மட்டும். விழுங்கும் கமராக் குளிசைக்கு அது பொருந்தும். ஏறக்குறைய 26 மில்லிமீற்றர் நீளமான அது படம் பிடித்துக்கொண்டே போகும், ஒன்றும் செய்யாது. மருத்துவர் யமமோட்டோ குழுவினர் 2001இல் ஜப்பானிலிருந்து அறிவித்த இரட்டைப் பலூன் முறை வேறு. கமராக் குழாயின் நுனியில் ஒரு பலூன், அதைச் சூழ்ந்த வெளிக்குழாயின் நுனியில் இன்னொன்று. ஒன்று ஊதிக் குடற்சுவரைப் பிடித்துக்கொள்ள மற்றது முன்னேறும். பிறகு இரண்டையும் பின்னிழுத்தால், பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது துணி சுருங்கிச் சுருங்கி ஏறுமே, அப்படிக் குடல் குழாயின்மேல் ஏறிக்கொள்ளும். கசியும் இடத்தைக் கண்டால் அதே குழாய்வழி ஆர்கன் வாயுவைக்கொண்டு சுடலாம், கிளிப் போடலாம், சோதனைக்கு இழையத்தில் சிறு துண்டு எடுக்கலாம்.

போன மாதம் வெள்ளவத்தை அம்மா ஒருவர் கையொப்பம் வைக்குமுன் படிவத்தை என்னிடம் நீட்டினார். “பிள்ளை, பார்க்கத்தானே போகினம்? சுடுறதெண்டு இதில ஒண்டும் இல்லையே.” அந்தப் படிவத்தின் தமிழ் என்னுடையது. ‘நோக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனவே என் முன்மொழிவு: விழுங்குவதற்குக் ‘குளிகை அகநோக்கு’ (பேச்சில் குளிசை, எழுத்தில் குளிகை). குழாய் விட்டுப் பார்ப்பதற்குச் ‘சிறுகுடல் அகநோக்கு’. அதன்வழி இரத்தத்தை நிறுத்துவதற்குச் ‘சிறுகுடல் அகநோக்குச் சிகிச்சை’. ‘உள்நோக்கு’ வேண்டாம் ஐயா, ‘உள்நோக்கம்’ என்று காதில் விழும். பலூன் பலூனாகவே இருக்கட்டும், குழந்தைக்கும் தெரிந்த சொல்.

மூன்றாவது நீளம் என்பீர்கள். எதை வெட்டினாலும் ‘சிகிச்சை’யை மட்டும் வெட்டவேண்டாம்.