விறைப்புக் குறைபாட்டுக்கான இழப்பீடு: முன்னாள் படைவீரர்களின் மேல்முறையீடுகள் தேவைதானா?

மலையமான்:
அமெரிக்க முன்னாள் படைவீரர் விவகாரத் துறை, 2021 நவம்பர் 14 முதல் விறைப்புக் குறைபாட்டுக்கு மாத இழப்பீட்டை முடிவுசெய்யும் ஊன மதிப்பீட்டை 0 விழுக்காடு என்று மாற்றிவிட்டது. அதற்கு முன்பு ஆண்குறியில் உருக்குலைவும் சேர்ந்திருந்தால் 20 விழுக்காடு கிடைத்தது. இப்போது உருக்குலைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுழியந்தான். ஆகவே மேல்முறையீட்டில் வென்றவருக்கும் கிடைப்பது, இனப்பெருக்க உறுப்பின் பயனை இழந்ததற்கான சிறப்பு மாதாந்தரத் தொகை மட்டுமே. 2025-இல் அது 136 டாலர் சொச்சம். இதற்காக அத்துறையின் மேல்முறையீட்டு வாரியம் வரை போவதால், கைகால் இழந்தவர்களின் வழக்குகளும் சேர்ந்து காத்துக் கிடக்கின்றன. தவிர, இது வயதோடு வருகிற குறை. மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது வரையான ஆண்களிடம் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வில், 52 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இக்குறை இருந்தது. அதற்குப் படைப்பணி எப்படிப் பொறுப்பாகும்?

நீலமேகம்:
ஐயா, நீங்கள் சொன்ன அதே ஆய்வை இன்னும் சற்றுப் படித்தால் விடை கிடைக்கும். வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிய பிறகும், முழுமையான விறைப்பிழப்பு மொத்தத்தில் 9.6 விழுக்காடாக இருக்க, சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் அது 28 விழுக்காடாக இருந்தது. வியட்நாமில் பணியாற்றியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், அங்கே தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லியால் வந்ததாகவே கருதப்படும் என்று 2001-இலேயே விதி செய்துவிட்டார்கள். களைக்கொல்லியால் சர்க்கரை நோய், சர்க்கரை நோயால் நரம்பும் இரத்தக் குழாயும் கெட்டு விறைப்பிழப்பு என்று காரணச் சங்கிலி நேராக இருக்கும்போது, வயதைக் காட்டி நடுவில் அறுப்பது எப்படி முறையாகும்?

தொகை சிறிது என்கிறீர்கள். அது மற்ற இழப்பீட்டுக்கு மேல் தனியாக, பெரும்பாலும் ஆயுள் முழுவதும் வருவது. ஆண்டுக்கு 1,600 டாலருக்கு மேல் ஆகிறது. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது சில்லறையன்று.

தமிழ்க்கோ:
தொகையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனால் உண்மையான சிக்கல் தப்பிவிடும். வாரியத்தின் தீர்ப்புகள் பெயர் நீக்கப்பட்டு இணையத்தில் வெளியாகின்றன. பத்தைப் புரட்டினாலே ஒரு பழக்கம் கண்ணில் படும். பரிசோதனை மருத்துவர் தம் கருத்தில், “மனுதாரருக்கு வயது அறுபத்தெட்டு, உயர் இரத்த அழுத்தம் உண்டு, ஆகவே விறைப்புக் குறைபாடு சர்க்கரை நோயால் ஏற்பட்டதன்று” என்கிற பாணியில் எழுதி முடித்துவிடுகிறார். ஆனால் விதி இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: பணிசார்ந்த நோய் இக்குறையை உண்டாக்கியதா, அல்லது வேறு காரணத்தால் வந்த குறையை மோசமாக்கியதா? இரண்டாவது கேள்விக்கு விடையே இல்லாத கருத்தை வைத்து மனுவைத் தள்ளுகிறார்கள். ‘தொடர்பில்லை’ என்று சொல்வது, குறை அந்நோயால் மோசமாயிற்றா என்ற கேள்விக்கு விடையாகாது என்று முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் எல்-அமீன் வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஆக, வாரியத்தில் நெரிசலை உண்டாக்குவது மனுதாரரின் பேராசையன்று. அரைகுறைக் கருத்துகள்தாம் கோப்புகளை மறுபடி மறுபடி கீழே அனுப்ப வைக்கின்றன.

மலையமான்:
மோசமானது என்று சொல்வது எளிது, எதிலிருந்து மோசமானது என்று காட்ட வேண்டாமா? 2006-இல் திருத்தப்பட்ட விதிப்படி, மோசமாவதற்கு முன்பிருந்த நிலையை மருத்துவச் சான்றால் நிறுவ வேண்டும். இக்குறையைப் பற்றிப் பலரும் மருத்துவரிடம் வாய் திறப்பதே இல்லை. பதினைந்து ஆண்டுகளாகக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லாத ஒன்றை, மனு போடும் நாளில் திடீரென எழுதிக் கொடுத்தால், தீர்ப்பு எழுதுபவர் எதை நம்புவார்?

நீலமேகம்:
கூச்சத்தால் சொல்லாமல் விட்டதைப் பொய் என்று கொள்வதா? அக்காலக் குறிப்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் வாக்குமூலத்தை நம்பத்தகாதது என்று ஒதுக்கக் கூடாது என்று 2006-இல் புக்கானன் வழக்கில் கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மனைவியின் எழுத்துமூலமான வாக்குமூலமும் சான்றுதான். போர்க்கால மன அதிர்ச்சிக்காகச் செர்ட்ராலின் என்னும் மனச்சோர்வு மருந்தைத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியதென்று அவர் எழுதினால், அதைவிட நெருங்கிய சாட்சி யார்? அம்மருந்து பாலுறவுச் செயல்பாட்டைக் குறைக்கும் என்பது மருந்தோடு வரும் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த விதிப்படி முன்னிருந்த நிலையை இப்போதைய மதிப்பீட்டிலிருந்து கழிப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: இப்போதைய மதிப்பீடே சுழியம் என்னும்போது சுழியத்திலிருந்து எதைக் கழிப்பார்கள் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

மலையமான்:
சாட்சியம் ஏற்கத்தக்கது என்பதும் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதும் வெவ்வேறு. மதிப்பை எடைபோடுவது வாரியத்தின் வேலை. சான்று இருபுறமும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் மட்டுமே ஐயத்தின் பலன் வீரருக்குப் போகும். வாரியம் அதை எடைபோட்ட விதத்தில், வெளிப்படையான பிழை இருந்தாலன்றி மேல் நீதிமன்றம் தலையிடாது என்று 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே பஃப்கின் வழக்கில் சொல்லிவிட்டது. எனவே கீழ்மட்டத்தில் சான்றைச் சரியாகத் திரட்டாமல் மேலே மேலே போவதில் பயனில்லை என்ற என் கருத்து மாறவில்லை.

தமிழ்க்கோ:
அந்த ஒரு புள்ளியில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஆனால் அது மேல்முறையீட்டுக்கு எதிரான வாதமாகாது. 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, மறுக்கப்பட்டவருக்கு மூன்று வழிகள் உண்டு: புதிய சான்றோடு துணை மனு, புதுச் சான்று ஏதுமின்றி மூத்த அலுவலரின் மறு ஆய்வு, அல்லது வாரியம். மருத்துவக் கருத்தில்தான் ஓட்டை என்றால் வாரியத்துக்கு ஓடுவதைவிட, சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே காரணத்தோடு எழுதி வாங்கி, துணை மனுவாகப் போடுவதே மேல். காரணம் எழுதாமல் ‘ஆம், தொடர்புண்டு’ என்று மட்டும் கையெழுத்திட்ட கடிதத்துக்கு மதிப்பே இராது. மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போட்டுவிட்டால், பின்னர் வென்றாலும் முதல் மனுவுக்குரிய தேதியிலிருந்தே நிலுவை கணக்கிடப்படும். ஓராண்டு தவறினால் அந்த நிலுவை போய்விடும். நான் பார்த்த கோப்புகளில் பலர் கோட்டைவிட்டது இங்கேதான்.