9 குரல்களில் ஒரு செவ்வாய்க் காதல்: ஒலிநூலில் காதல் எங்கே போச்சு?

அரைத்தூக்கம்:
11 மணி நேர ஒலிநூல் ஒன்றை நேற்று முடித்தேன். பெயர் வேண்டாம், எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. செவ்வாய்த் தளத்தில் 6 பேர். அதில் ஒரு பெண் பொறியாளர். பூமியில் அவளுடைய பழைய காதலன். நடுவில் தளத்தை நிர்வகிக்கும் கணினி. அவள் மனம் மெல்ல மெல்லக் கணினி பக்கம் சாய்வதுதான் கதை. கதைசொல்லியையும் சேர்த்து மொத்தம் 9 குரல்கள்.

புத்தகமாக முன்பே படித்திருக்கிறேன். அதில் 18 அத்தியாயம் வரை கணினி பேசினால் "என்றது". 19-இல், விளக்கெல்லாம் அணைந்த ஓர் இரவு. "தூங்கலையா?" என்று அவள் கேட்கிறாள். "நான் தூங்குவதில்லை" என்றான். அவ்வளவுதான். "றது" போய் "றான்" வந்த அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒலிநூலில் "என்றது", "என்றான்" எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு குரல் இருக்கும்போது அது எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போல. கணினிக்கு முதல் நிமிடத்திலிருந்தே குழைவான ஆண்குரல். 19-ஆம் அத்தியாயம் வந்ததும் போனதும் தெரியவில்லை. ஒரே ஆள் வாசித்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது.

மைக்முன்னால்:
ஒலிப்பதிவு வேலையில் இருப்பவள் என்பதால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். நீங்கள் சொன்ன வெட்டு தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது எடிட்டிங்கில் எடுத்த முடிவு. அதற்காகக் குழுவாக வாசிப்பதையே குற்றம் சொல்வது சமையல்காரர் உப்பை மறந்ததற்குப் பாத்திரத்தைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது. ஆணா பெண்ணா என்று பிடிபடாத ஒரு குரலைக் கணினிக்குத் தேடியிருக்கலாம். அந்த 19-இல் மட்டும் கதைசொல்லி உள்ளே வந்து "என்றான்" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். புத்தகத்தில் இருந்ததைவிடப் பலமாக விழுந்திருக்கும்.

அப்புறம், தளத்தில் காற்றழுத்தம் குறைகிற காட்சியில் 6 பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்களே, அதை ஒரே ஆள் வாசித்துக் கேட்டுப் பாருங்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று புரிவதற்குள் கதவு மூடிவிடும்.

கெப்ளரின்பூனை:
நான் அரைத்தூக்கம் கட்சி. காதல் கதையில் ஒரே ஆள் வாசிக்கும்போது காதோரம் யாரோ ரகசியம் சொல்கிற மாதிரி இருக்கும். 9 பேர் வந்தால் அது கூட்டம். சத்தங்கள் வேறு! கணினி பேசும் முன் ஒவ்வொரு தடவையும் ஒரு "டிங்". வெளியே டேங்க் வெடித்தால் இடி மாதிரி முழக்கம். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவீதம்கூடக் கிடையாது. 2021-இல் தரையிறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் மைக்குகள் பதிந்த சத்தங்களைக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாம் தணிந்துபோய், சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது போலத்தான் ஒலிக்கும். அந்த மாதிரி மங்கலாக ஒரு "தொப்" மட்டும் கேட்டிருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

பழையவால்வு:
குழுவாக நடிப்பது புதிதா என்ன? 1898-இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய செவ்வாய்வாசிகள் நாவலை 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் குழு வானொலியில் நடித்தது. அவர்கள் நாவலை எடுத்து ஆளுக்கு நாலு பக்கம் என்று பங்குபோடவில்லை. செய்தி அறிக்கை வடிவத்தில் புதிதாக எழுதினார்கள். இப்போது வருகிறவற்றில் பாதி, பங்குபோடுகிற வேலைதான். காதுக்கு என்று எழுதாததை எத்தனை பேர் படித்தாலும் அது படிப்பதுதான்.

மைக்முன்னால்:
பழையவால்வு சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். 2017-இல் வந்த "லிங்கன் இன் தி பார்டோ" ஒலிநூலில் 166 குரல்கள். அந்த நாவலே பல குரல்களால் ஆனது, அதனால் அப்படியே பொருந்தியது. இந்தச் செவ்வாய்க் கதையும் பாதிக்கு மேல் செய்திப் பரிமாற்றம்தானே? புதிதாக எழுத வேண்டிய தேவை குறைவு.

அரைத்தூக்கம்:
செய்திப் பரிமாற்றம் என்று நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். அந்தப் பெண்ணும் பூமிக்காரனும் ஒரே அறையில் நின்று பேசிப் பதிவு செய்யவில்லை என்பது காதிலேயே தெரிகிறது. இவள் குரல் தழுதழுக்கிறது, அவன் வங்கியிலிருந்து கூப்பிட்டவர் மாதிரி பதில் சொல்கிறான்.

மைக்முன்னால்:
தனித்தனியாகப் பதிவு செய்திருப்பார்கள், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் நண்பரே, கதையிலும் அவர்கள் ஒரே அறையில் இல்லையே! அவன் பதில் சொல்லும்போது அவளுடைய அழுகை பழையதாகிவிட்டது. அந்த ஒட்டாத தன்மைதான் எனக்குப் பிடித்தது.

அரைத்தூக்கம்:
பழையதாவது எங்கே? ரேடியோ அலை செவ்வாய்க்குப் போக, தூரத்தைப் பொறுத்து சுமார் 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். கதையில் 14 நிமிடம். அவள் கேட்டால் பதிலுக்கு 28 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒலிநூலில் அடுத்த வீட்டுக்காரனோடு பேசுகிற மாதிரி சட்டென்று பதில் வருகிறது. அறிவியல் புனைவு என்று போடவே கூடாது.

மைக்முன்னால்:
சட்டென்றா? நான் கேட்டதில் "நீ வருவாயா?" என்று அவள் கேட்ட பிறகு 7 விநாடி ஒன்றுமே இல்லை. நாங்கள் வழக்கமாக இடைவெளியில் அறையின் மெல்லிய இரைச்சலையாவது போடுவோம். இதில் அதுகூட இல்லாமல் சுத்தமாக விட்டிருக்கிறார்கள். உங்கள் செயலியில் "மௌனத்தைக் குறை" என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள்.

அரைத்தூக்கம்:
இருக்கிறது. போட்டுத்தான் இருக்கிறது. வேகமும் 1.5.

கெப்ளரின்பூனை:
சகோ, உங்களை நம்பிக் கட்சி மாறாமல் இருந்தேனே.

அரைத்தூக்கம்:
திட்டுவதற்கு முன் அந்த அத்தியாயத்தை மட்டும் சாதாரண வேகத்தில் மறுபடி கேட்டேன். "நீ வருவாயா?" அப்புறம் ஒன்றுமில்லை. நாலாவது விநாடியில், நின்றுவிட்டதோ என்று போனை எடுத்துத் திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. சரி, அந்த இடத்தைக் கொடுத்துவிடுகிறேன். இதை ஒரே ஆள் வாசித்திருந்தால் "28 நிமிடங்களுக்குப் பிறகு" என்று ஒரு வரியில் முடிந்திருக்கும்.

19-ஆம் அத்தியாயம் பற்றிச் சொன்னதில் மட்டும் மாற்றம் இல்லை. அதையும் சாதாரண வேகத்தில் கேட்டுவிட்டேன்.

பழையவால்வு:
1.5 வேகத்தில் காதல் கதை கேட்கிற ஆளோடா இவ்வளவு நேரம் வாதாடினோம்?