பந்தயக் குதிரைக்குக் கால் எலும்பில் விரிசல்: ஸ்குரூவா, சூடா, ஓய்வா?

எல்கைக்காரன்:
எங்கள் பெட்டைக் குதிரைக்கு ஆறு வயது. குதிரை வண்டி எல்கைப் பந்தயத்தில் ஓடுகிறது. மூன்று வாரம் முன்பு தார் ரோட்டில் ஓடிவிட்டு வந்த அன்று மாலையே இடது முன்காலை ஊன்றத் தயங்கியது. நடக்கவிட்டுப் பார்த்தால் அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்குகிறது. வலி ஊசி போட்டதும் சரியானது போலத் தெரிந்ததால் இரண்டு நாள் வண்டியிலும் பூட்டினோம். தப்புதான், திட்டுங்கள்.

இப்போது எக்ஸ்ரேயில் முழங்காலுக்குக் கீழே உள்ள நீள எலும்பில் விரிசல். கீழே ஃபெட்லாக் என்ற, குளம்புக்கு மேலே உள்ள கணு மூட்டுக்குள் தொடங்கி, வெளிப்பக்கமாக மூன்று விரல் உயரம் ஏறியிருக்கிறது. எலும்பு விலகவில்லை. டாக்டர் ஸ்குரூ போடலாம் என்கிறார். ஊரில் சூடு போடச் சொல்கிறார்கள். அப்பா ஆறு மாதம் கட்டிப் போட்டால் போதும் என்கிறார்.

சூட்டுக்கோல்:
எங்கள் தாத்தா காலத்தில் ஸ்குரூவா இருந்தது? நாலு இழுப்பு சூடு, மூன்று மாதம் கொட்டகை, மறுபடி வண்டி. இன்னொன்று கேட்கிறேன். நொண்டுகிற காலில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, எந்த இடத்தில் வலி என்று பார்ப்பார்களே, அதை உங்கள் டாக்டர் செய்தாரா? அதைச் செய்யாமலே ஸ்குரூ வரை போய்விட்டாரா?

கால்நடை_மதி:
அந்த ஊசியைப் போடாதது டாக்டர் செய்த நல்ல காரியம். நரம்பை மரக்க வைக்கும் ஊசி, வலி குளம்பிலா மூட்டிலா என்று தெரியாத நொண்டலுக்கு. கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடமாக மரக்க வைத்து, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஓடவிட்டுப் பார்ப்போம். எலும்பில் விரிசல் என்று சந்தேகம் வந்தால் போடவே கூடாது. வலி போனதும் குதிரை முழு எடையையும் அந்தக் காலில் போடும். மயிரிழை விரிசல் அப்போதே இரண்டாகப் பிளக்கலாம். வலி ஊசி போட்டு வண்டியில் பூட்டியதும் அதே ஆபத்துதான். உங்கள் குதிரைக்கு ஆயுசு கெட்டி.

சூடு பற்றி: ஆறியது அந்த மூன்று மாத ஓய்வால். பெயர் மட்டும் சூட்டுக்கு.

எல்கைக்காரன், எக்ஸ்ரே எத்தனை கோணத்தில் எடுத்தார்கள்? வெளிப்பக்க விரிசல் பெரும்பாலும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். உள்பக்கம் தொடங்கியது என்றால் எலும்பைச் சுற்றிக்கொண்டு முழங்கால் வரைகூட ஏறும், அது வேறு கதை. முழு எலும்பும் படத்தில் வர வேண்டும். புதிய விரிசல் முதல் படத்தில் தெரியாமலே போவதும் உண்டு. பத்து, பதினான்கு நாளில் ஓரம் கரைந்து கோடு அகலும், அப்போதுதான் கண்ணில் படும்.

பழையலாயம்:
ரேஸ் லாயத்தில் 22 வருடம் குதிரை பார்த்தவன். ஸ்குரூ போடுவது கஷ்டமில்லை தம்பி, அப்புறம் குதிரை எழுந்திருப்பதுதான் கஷ்டம். மயக்கம் தெளியும் குதிரைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. 450 கிலோ உடம்பு, திமிறி எழும். அமெரிக்காவில் 1975இல் ரஃபியன் என்ற பெட்டைக்கு பெல்மாண்ட் பார்க் ரேஸ் மைதானத்தில் ஓடும்போது வலது முன்கால் போயிற்று. ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்ததும் இன்னும் ரேஸில் ஓடுவதாக நினைத்துக் காலை வீசி, மாவுக்கட்டை உடைத்துக்கொண்டது. அன்றிரவே கருணைக்கொலை.

பார்பரோவுக்கு அந்தத் தவறு நடக்கவில்லை. 2006 கென்டக்கி டெர்பி ரேஸ் ஜெயித்த அமெரிக்கக் குதிரை, இரண்டே வாரத்தில் ப்ரீக்னஸ் ரேஸில் வலது பின்கால் நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் பிளேட் வைத்து 27 ஸ்குரூ. நீச்சல் குளத்தில் ரப்பர் படகில் மிதக்கவிட்டுத்தான் மயக்கம் தெளிய வைத்தார்கள். உடைந்த கால் தேறிக்கொண்டு வந்தது. ஆனால் எடையைத் தாங்கி நின்ற இடது பின்காலில் குளம்பு எலும்பை விட்டுப் பிரிந்தது. எட்டு மாதம் பாடுபட்டு, 2007 ஜனவரியில் முடித்துவைத்தார்கள். உலகத்தில் இருக்கிற வசதியெல்லாம் கொடுத்த குதிரைக்கே அந்தக் கதி.

கால்நடை_மதி:
அண்ணா, பார்பரோவுக்கு ஃபெட்லாக்குக்குக் கீழே உள்ள எலும்பே 20 துண்டுக்கு மேல் போயிருந்தது. மூட்டையே ஒட்டவைத்து நடக்கவைக்கப் பார்த்தார்கள், ஓட வைக்க இல்லை. அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இங்கே தோலில் சின்னத் துளை போட்டு இரண்டு மூன்று ஸ்குரூவை இறுக்கினால் விரிசலின் இரண்டு பக்கமும் நெருங்கி உட்காரும். விலகாத வெளிப்பக்க விரிசலில் பெரும்பாலான குதிரைகள் ஓட்டத்துக்குத் திரும்புகின்றன.

மயக்கம் பற்றிய உங்கள் பயம் மட்டும் சரி. அதனால்தான் இங்கிலாந்தில் நியூமார்க்கெட் பக்கம் இந்த மாதிரி விரிசலுக்குக் குதிரையை நிற்க வைத்தே, அரை மயக்கத்தில், காலை மட்டும் மரக்க வைத்து ஸ்குரூ போடுகிறார்கள். எல்கைக்காரன், டாக்டரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: நிற்க வைத்தா, படுக்க வைத்தா?

பழையலாயம்:
சரி, நிற்க வைத்தே போடட்டும். நாலு மாதம் கழித்து அதே தார் ரோட்டில்தானே ஓட்டப் போகிறான்? யாருக்காக இந்த ரிப்பேர்? கட்டிப் போட்டால் விரிசல் தானாகவே ஒட்டிக் கூடும். கூடி வந்த குதிரைகளை நான் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

கால்நடை_மதி:
கூடும், சிலதில். ஆனால் இந்த விரிசல் மூட்டுக்குள் இருக்கிறது. இறுக்காமல் விட்டால் குருத்தெலும்பில் மேடு பள்ளம் விழலாம், பிறகு ஆயுசுக்கும் மூட்டுவலி. ராத்திரி படுத்து எழும்போது ஒரு உதறலில் எலும்பு விலகினால் இந்தச் சின்ன ஆபரேஷனுக்கும் வழியில்லை. தார் ரோடு பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

சூட்டுக்கோல்:
செலவைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே.

எல்கைக்காரன்:
விசாரித்தேன், குதிரை வாங்கின விலையைத் தாண்டும். இருந்தாலும் முடிவு செய்துவிட்டோம். நிற்க வைத்தே போட முடியுமாம். இனி வண்டி இல்லை, குட்டி எடுக்கலாம் என்று அப்பா இறங்கி வந்துவிட்டார். வியாழன் லாரி. ஏழு மணி நேரப் பயணம். எப்படி ஏற்றுவது?

கால்நடை_மதி:
குளம்பிலிருந்து முழங்கை, அதாவது முன்காலின் மேல் மூட்டு வரை பஞ்சு சுற்றிப் பட்டைக் கட்டு, மேலே கால் அசையாமல் தாங்கச் சிம்பு. உங்கள் டாக்டரே வந்து கட்டட்டும். முன்கால் என்பதால் குதிரையின் முகம் லாரியின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பிரேக் போட்டால் எடை பின்காலுக்குப் போகும்.

பழையலாயம்:
தலைக்கயிற்றைக் குறுக்கிக் கட்டாதே. தலையை ஆட்டித்தான் அது பேலன்ஸ் பிடிக்கும். பலகையில் ஏற்றாமல் மேட்டில் லாரியை ஒட்டி நிறுத்தி நேராக நடத்தி ஏற்று. அடியில் மணல் போடு. டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து நாற்பதுக்கு மேல் போகாதே என்று சொல்லி வை.